கியர் ஆயில் மாற்றிய மத்தியானம்

போல்ட் கழன்றதும் கொட்டியது ஆயில் மாதிரியே இல்லை, மூன்றாம் தடவை கொதிக்கவைத்த டிக்காஷன் மாதிரி இருந்தது. அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். சிவப்பாக இருக்கும் என்றுதானே சொன்னார்கள், மாதுளம்பழச் சாறு மாதிரி இருக்கும், பழசாகிப்போனால் கொஞ்சம் பழுப்பு அடிக்கும், அவ்வளவுதான் என்று. இது கறுப்பு. வாடை வேறு, அடுப்பில் மறந்துபோன வாணலியின் வாடை. வாசலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் மழைத்தண்ணீர் வாய்க்காலுக்குள் மல்லாந்து படுத்திருந்த மெக்கானிக் பெள்ளி வண்டிக்கு அடியிலிருந்தே குரல் கொடுத்தான். "அக்கா, கலரைப் பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல, இவ்வளவு வயசான வண்டில இதைத் தொடவே கூடாதுன்னு." சொன்னான்தான். யார்தான் சொல்லவில்லை? ஆனால் பாதி இறங்கின பிறகு சொல்கிறானே, இந்த வாயை என்ன செய்வது. "இப்பச் சொல்லி என்ன பெள்ளி, இறங்கினதைத் திரும்ப ஏத்தவா முடியும்?" என்றாள். சிரிப்பது மாதிரி சொல்லத்தான் நினைத்தாள், குரல் ஒத்துழைக்கவில்லை. அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் பேசின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இந்த ஊரில் எந்தப் பாத்திரம்தான் நேராக நிற்கிறது? ஆயில் தாழ்ந்த பக்கமாகவே சேர்ந்து, விளிம்பு தாண்டி, வாய்க்காலோடு கொழகொழவென்று கிளம்பிவிட்டது. எவ்வளவு இறங்குகிறதோ அதை அளந்து அதே அளவு புதுசை ஊற்றிவிடலாம், பயமே இல்லை என்று ராத்திரி முழுக்கப் படுக்கையில் போட்டுவைத்த திட்டம் வாய்க்காலோடு போய் முட்டைக்கோஸ் பாத்திக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

தொட்டால் போச்சு. எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள், அதே வார்த்தையில், எங்கேயோ ஒன்றாக உட்கார்ந்து மனப்பாடம் பண்ணின மாதிரி. கீழே சமவெளியில் பெரிய ஒர்க்‌ஷாப்காரர் சொன்னார், நாங்கள் கை வைக்க மாட்டோம்மா என்றார். பேக்கரிக்காரர் சொன்னார், அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது, அவரும் சொன்னார். பழைய ஆயிலில் இருக்கிற அழுக்குதான் உள்ளே தேய்ந்துபோன தகடுகளைப் பிடித்து வைத்திருக்கிறதாம், புதுசை ஊற்றினால் அழுக்கெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுமாம், அப்புறம் எதை எது பிடிக்கும், இன்ஜின் ஒரு பக்கம் சுற்றும், சக்கரம் பேசாமல் நிற்கும். அவளுக்கு அது புரிந்தது, அதுதான் கஷ்டம். இருபத்தைந்து வருஷமாகத் தையல் மெஷினோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்குப் புரியாதா? நைந்த ரவிக்கையைக் கொண்டுவந்து தையலைப் பிரித்துத் தைத்துத் தா என்பார்கள், பிரித்த பிறகுதான் தெரியும் துணி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை, வெறும் நூல்தான் இத்தனை நாள் உடம்பு மாதிரி நின்றது என்று. அப்படி எத்தனை ரவிக்கையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள்! பிரிக்காதே தாயே, இருக்கிறவரைக்கும் போட்டுக்கோ என்று புத்தி சொன்ன அதே வாய்தான் பெள்ளியிடம் கழற்று என்றும் சொன்னது. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய், வியாழன், சனி. விடியுமுன் கிளம்பி மலை இறங்கி, புருஷன் சூசைராஜை ஆஸ்பத்திரி மெஷினில் படுக்கவைத்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணி, மத்தியானத்துக்கு மேல் மலையேற வேண்டும். செவ்வாய் போகாவிட்டால் வியாழன் வரைக்கும் கால் வீங்கும், மூச்சு வாங்கும். வியாழனும் போகாவிட்டால், அதற்கு மேல் யோசிக்காதே, அமலு, யோசிக்காதே. பஸ்ஸில் ஒரு தடவை போய்ப் பார்த்தார்கள், திரும்பும்போது மனுஷர் நடுவழியிலேயே மயங்கிச் சரிந்தார். டாக்ஸிக்காரன் ஒருத்தன் வந்தான், அவர் சீட்டில் வாந்தி எடுத்த நாளிலிருந்து இவள் நம்பரைப் பார்த்தாலே போனை எடுப்பதில்லை. வேறு கார் என்றாலும் அவளால் முடியாது, குழந்தையிலேயே போலியோ வந்து சூம்பிப்போன இடது காலால் கிளட்ச் என்கிற சங்கதியை மிதிக்க முடியாது. ஊரை விட்டுப் போன டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போன இந்த வெள்ளைக் கார், கிளட்சே இல்லாத, கியர் தானாக மாறிக்கொள்கிற இந்தக் கிழட்டுக் கார், இது ஒன்றுதான் அவளை டிரைவர் என்று ஒத்துக்கொண்டது. இது நின்றால் அவளும் நின்றாள். அவள் நின்றால் அவர்.

அப்படியானால் ஏன் தொட்டாய் என்று கேட்டால் அதற்குப் பதில் சனிக்கிழமையில் இருந்தது, அந்தச் சனிக்கிழமை பக்கம் நினைப்பை விடாமல்தான் இரண்டு நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் அது சும்மா விடுகிறதா. மலையேறும்போது நடந்தது. கொண்டை ஊசி வளைவு, பலாமரங்கள் தலைக்கு மேல் இருட்டாகக் கவிந்த இடம், மழை பெய்து விட்டிருந்தது. பக்கத்து சீட்டில் அவர் தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரி ஊசிகளுக்குப் பிறகு வருகிற, உடம்பைத் துணி மாதிரி மடித்து வைத்துவிடுகிற தூக்கம். வளைவில் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். இன்ஜின் கத்தியது. எவ்வளவு கத்தல்! வண்டி மட்டும் நகரவில்லை. கத்திக்கொண்டே நின்றது, நின்றதோடு விட்டதா, பின்னால் போக ஆரம்பித்தது. பின்னால் காய்கறி லாரி. கண்ணாடியில் லாரியின் நெற்றி பெரிசாகிக்கொண்டே வந்தது, ஹாரன் காதுக்குள்ளேயே அடித்தது. பிரேக்கை மிதித்தாள். மாதாவே என்றாள். அப்புறம் என்ன தோன்றியதோ, கியரைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினாள், உள்ளே எங்கேயோ ஒன்று தடாலென்று பிடித்துக்கொண்டது, வண்டி ஏறியது. அவர் கண் திறக்கவில்லை. ஆண்டவரே, நல்லவேளை, அவர் கண் திறக்கவில்லை. வீடு வரும்வரைக்கும் அவள் ஸ்டியரிங்கை விட்டு ஒரு விரலைக்கூட எடுக்கவில்லை, வந்து சேர்ந்த பிறகு அந்த விரல்கள் தானாகப் பிரிய மறுத்தன. அவரிடம் சொல்லவில்லை. ஆயில் மாற்றணும், டாக்டரம்மா காலத்திலிருந்து மாற்றவே இல்லை என்று மட்டும் சொன்னாள். அதுவும் உண்மைதானே.

பெள்ளி வாய்க்காலிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினான். உள்ளங்கையில் அந்த போல்ட், அதன் நுனியில் கறுப்பாக மயிர் முளைத்த மாதிரி இரும்புத் தூள் அப்பிக்கொண்டிருந்தது. "கியர் பல்லு தேஞ்ச தூளு, அக்கா. காந்தம் பிடிச்சு வெச்சிருக்கு." அவளுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. இவ்வளவு தேய்ந்திருக்கிறதென்றால் மிச்சம் என்ன இருக்கும்? கேட்கவில்லை, கேட்டால் சொல்லித் தொலைப்பான். அதைத் துடைத்து மறுபடி அடியில் போய் முடுக்கிவிட்டு வந்தவன், டப்பாக்களைத் திறந்து ஊற்றுவான் என்று பார்த்தால், கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றான். "ஊத்துறது நீங்க ஊத்திக்கங்க அக்கா. என் கையால ஊத்த மாட்டேன்." இது என்ன கூத்து? "ஏன்டா?" "நாளைக்கு வண்டி நின்னுச்சுன்னா பெள்ளி ஊத்தின அன்னைக்கே போச்சும்பாங்க. கழட்டச் சொன்னீங்க, கழட்டினேன். மாட்டச் சொன்னீங்க, மாட்டினேன். ஊத்துறது வீட்டுக்காரங்க கை." ஏதோ குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற மாதிரியல்லவா சொல்கிறான்! ஆனால் அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அவனும் பயப்படுகிறான் என்று தெரிந்ததும் அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் இறங்கிவிட்டது. யாருக்கோ ஜீப் நின்றுவிட்டது என்று அவனுக்குப் போன் வந்தது, வந்ததா, இவனே வரவழைத்தானா, யார் கண்டது. போகிறபோது சொல்லிவிட்டுப் போனான்: புனல் வைத்து, ஆயில் அளவு பார்க்கிற குச்சி இருக்கிற குழாயிலேயே ஊற்றணும், இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை பி, ஆர், என், டி என்று ஒவ்வொரு எழுத்திலும் நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோய்த் திரும்பிக் கொண்டுவரணும், ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவிப் பார்க்கணும். "அண்ணனுக்குத் தெரியும். அவர் பாத்துக்குவார்."

அண்ணன் வாசற்படியில் சால்வையும் குல்லாயுமாக உட்கார்ந்திருந்தார். சூசைராஜ். முப்பது வருஷம் இதே மலையில் தேயிலை லாரி ஓட்டினவர், பனியில் கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வளைவு என்று வயிற்றைக்கொண்டே சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கினவர். இந்தக் காரை முதன்முதலாகப் பார்த்தபோது இது வண்டியா, இதில் டிரைவருக்கு என்ன வேலை, சும்மா பொம்மை மாதிரி உட்கார்ந்து வரவா என்று கேலி பண்ணினார். அப்புறம் அவரேதான் அவளுக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தார், திட்டித் திட்டி, நாற்பத்தெட்டு வயசில் அவளை அழவைத்து. இப்போது அவள் ஓட்ட, அவர் பக்கத்தில். இறக்கத்தில் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதிக்கும், அவள் பார்த்தும் பாராததுபோல் ரோட்டைப் பார்ப்பாள். நாக்கு வறண்டால் ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்வார், தண்ணீர் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று கணக்கு. இடது முழங்கைக்குக் கீழே ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் புடைத்துக்கொண்டிருக்கும், அதன்மேல் விரலை வைத்தால் தையல் மெஷின் மோட்டார் மாதிரி விர்ரென்று உள்ளே ஓடுவது தெரியும். ஓடவேண்டும். நின்றால் ஆபத்து, தினமும் தொட்டுப் பாருங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். தினமும் ஒரு தடவை என்று. அவள் ராத்திரியெல்லாம் தொட்டுப் பார்க்கிறாள். அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பாள், கண்ணை மூடினதும் நின்றிருக்குமோ என்று தோன்றும், எழுந்து மறுபடி. பயம் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் சமாளித்துவிடலாம். இது உட்காராமல் கையிலிருந்து காருக்கும் காரிலிருந்து கைக்கும் அலைந்துகொண்டே இருந்தது.

"சரி, வா. ஊத்து. நான் குச்சியைப் பாக்கறேன்," என்று அவர் எழுந்து வந்தார். பானெட்டைத் தூக்கி நிறுத்தினார், அதற்கே மூச்சு வாங்கியது. அவள் புனலைச் செருகி முதல் டப்பாவைக் கவிழ்த்தாள். சிவப்பு. அப்பா, என்ன சிவப்பு! கண்ணாடி மாதிரி வெளிச்சம் உள்ளே போய் வந்தது. ஆஸ்பத்திரியில் மெஷினின் இரண்டு குழாயிலும் ஓடுகிறதே, அது இவ்வளவு பளிச்சென்று இருக்காது, அது கொஞ்சம் அடர்த்தி, வேண்டாம், இங்கே எதற்கு அந்த நினைப்பு, நேராக ஊற்று, சிந்தாமல் ஊற்று. குறைந்தால் பிடிக்காது, கூடினால் நுரைத்துக்கொண்டு அதுவும் பிடிக்காது என்று சொன்னார்கள். எல்லாமே இப்படித்தான் அவளுக்கு வாய்க்கிறது. உப்பு கூடக் கூடாது, குறையக் கூடாது, தண்ணீர் கூடக் கூடாது, குறையக் கூடாது, தூங்கினால் தப்பு, தூங்காவிட்டால் நாளைக்கு ஓட்டமுடியாது. இரண்டாவது டப்பா. மூன்றாவது. புனல் குளுகுளுவென்று விழுங்கிக்கொண்டது. அவள் ஏறி இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு எழுத்தாக இறக்கி ஏற்றினாள். அவர் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு உருவிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்." இறங்கிவந்து ஊற்றினாள். உருவினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். "போதும்." "போதுமா? ஒரு டப்பா பிரிக்காம அப்படியே இருக்கே." "மிச்சம் இருக்கட்டுமே. ஃபுல்லுக்கு வந்துடுச்சு. மேல ஊத்தினா நுரைக்கும்." டிரைவர் சொல்கிறார். முப்பது வருஷ டிரைவர். அவள் புனலை உருவினாள். பயத்தை யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று காத்துக்கிடந்த அவளுக்கு, அந்தப் போதும் என்ற சொல்லே பெரிய ஆறுதலாக இருந்தது.

பானெட்டைச் சாத்திவிட்டு அவர் அங்கேயே, காருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். வண்டி மூக்கைக் கீழே வீட்டைப் பார்க்க வைத்துக்கொண்டு நின்றது, எப்போதும் அப்படித்தான் நிறுத்துவாள், ரோடு பின்னால் மேட்டில் இருந்தது, ரிவர்ஸில் ஏறித்தான் ரோட்டைப் பிடிக்கவேண்டும். முன் சக்கரங்களுக்கு முன்னால் கல் முட்டுக்கொடுத்திருந்தது. மலையில் கல் வைக்காமல் வண்டியை விட்டு இறங்குகிறவன் கிடையாது. "ரிவர்ஸ் போட்டு ஏத்திப் பாரு," என்றார். அவள் கையைக் கியர்மேல் வைத்தாள். எடுத்தாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். போடாதவரைக்கும் வண்டி ஓடும் வண்டிதான். போட்டால்தான் தெரியப்போகிறது. தெரியாமலே இப்படியே உட்கார்ந்திருந்தால் என்ன? டாக்டர் முதல்முதலாக ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போதும் இப்படித்தான் நினைத்தாள், இந்த மனுஷன் அதைப் பிரிக்காமல் இருந்தால் நாங்கள் எழுந்து காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோமே என்று. பிரித்தார். அப்புறம் காப்பியே அளவுதான். மாதாவே, ஏறிவிடட்டும், ஏறிவிட்டால் மெழுகுவர்த்தி என்ன, என்ன வேண்டுமானாலும். என்ன தரமுடியும் உனக்கு என்னால், ஒரு சீலை தைத்துச் சாத்துகிறேன், ஜரிகை வைத்து, என் கையால். கியரை ஆர் என்ற எழுத்துக்கு இழுத்தாள். லேசாக ஒரு உலுக்கல், பிடித்த மாதிரிதான் இருந்தது. கை பிரேக்கை இறக்கினாள். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். இன்ஜின் கத்தியது. அதே கத்தல். சனிக்கிழமையின் கத்தல். பின்னால் போகவேண்டிய வண்டி முன்னால், கீழே, வீட்டைப் பார்க்க நழுவியது. ஒரு சாண் போயிருக்கும், சக்கரம் கல்லில் மோதி, கல் மண்ணைக் கீறிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது, அவள் பிரேக்கை உடம்பு முழுவதையும் போட்டு மிதித்தாள். பம்பர் அவருடைய வேட்டியைத் தொடுகிற தூரத்தில் நின்றது. அவர் நகரவில்லை.

அவர் நகரவே இல்லை. அவள் நெஞ்சுக்குள் இடித்த இடி அடங்குவதற்குள் இது உறைத்துவிட்டது. முப்பது வருஷம் லாரி ஓட்டினவர், இறக்கத்தில் நிற்கிற எந்த வண்டிக்கும் முன்னால் நிற்காதே என்று ஊரில் இருக்கிற சின்னப் பிள்ளைகளையெல்லாம் விரட்டுகிறவர், தன்மேல் ஒரு கார் நழுவி வருவதைப் பார்த்துக்கொண்டு சால்வைக்குள் கையை வைத்தபடி நிற்கிறார். பயந்த முகமா அது? இல்லை. கண்ணாடி வழியாக நன்றாகவே தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட முகம். அவள் பி-க்குத் தள்ளி, கை பிரேக்கை இழுத்துக் கட்டி, இன்ஜினை அணைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் வந்தார். "விடு அமலு. போச்சு. என்ன செய்ய, பழைய வண்டிதானே." மெதுவாகத்தான் சொன்னார், பிரியமாகத்தான் சொன்னார். "நாளைக்கு ஒரு நாள் பேசாம வீட்ல இருப்போம்." ஒரு நாள். தொட்டால் போச்சு, எல்லாரும் சொன்னது சரி, நான்தான் கொன்றேன், வண்டியையும் கொன்றேன் இவரையும் கொன்றேன் என்று ஒரு பக்கம் மனசு ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு பக்கம் ஏதோ ஒன்று நெருடியது, துணிக்குள் மாட்டிக்கொண்ட ஊசி நுனி மாதிரி. குச்சியை அவ்வளவு நேரம் ஏன் பார்த்தார்? லாரிக்கு ஆயில் பார்க்கிற மனுஷனை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். வீட்டு வாசலில் ஒரு தடவையாவது பார்த்ததுண்டா? எவ்வளவு அவசரமானாலும், கொட்டுகிற மழையானாலும், லாரியை மாதா கோயில் மைதானத்துக்குக் கொண்டுபோய், இந்த ஊரிலேயே பந்து உருளாமல் நிற்கிற ஒரே இடம் அதுதான், அங்கே நிறுத்தித்தான் பார்ப்பார். சாய்ந்து நிற்கிற வண்டி பொய் சொல்லும் என்று கிளீனரைத் திட்டுவார். வண்டி இப்போது தலைகுப்புற நிற்கிறது. குச்சி முன்பக்கம். பேசினில் ஒரு ஓரமாகச் சேர்ந்த ஆயில் மாதிரி இதுவும் முன்னால் சேர்ந்து நின்றிருக்கும். உள்ளே பாதிதான் இருக்கும், குச்சி ஃபுல் என்று சொல்லும். அவளுக்கு இது இப்போதுதான் விளங்கியது. சாய்வில் பிறந்து சாய்வில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் சாய்வு என்பதே மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்குமா? மறந்திருக்கட்டும், மாதாவே, அவர் மறந்துதான் போயிருக்கட்டும். வாழ்க்கையில் அவள் பட்ட பயத்திலெல்லாம் இதுதான் பெரிய பயம். கார் ஓடாது என்பதெல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

கதவைத் திறந்து, இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து இறங்கினாள். "தெரிஞ்சுதானே போதும்னு சொன்னீங்க?" "என்ன தெரிஞ்சு?" "வண்டி கீழ பாத்து நிக்குது. குச்சி ஃபுல்லுன்னுதான் காட்டும். எனக்குத் தெரியல. உங்களுக்குமா தெரியல?" அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார், முட்டைக்கோஸ் பாத்தியைப் பார்த்தார், அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். நேராகக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதுதான் இவரிடம் இருக்கிற ஒரே தொந்தரவு. "தெரியும்," என்றார். அப்புறம், கேட்காமலே, "அன்னிக்கு நான் தூங்கல, அமலு. வண்டி பின்னால போச்சு. லாரிக்காரன் அடிச்ச ஹாரன்ல செத்தவனே எழுந்துக்குவான், நான் எப்படித் தூங்குவேன்? நீ மாதாவேன்னு சொன்ன. அதையும் மெதுவாச் சொன்ன, எனக்குத் தூக்கம் கலைஞ்சுடக் கூடாதுன்னு. நான் கண்ணை மூடிக்கிட்டே இருந்தேன்." மூச்சு வாங்க நிறுத்தினார். "என்னைத் தூக்கிச் சுமந்துக்கிட்டு அந்த ரோட்ல நீயும் சாகணுமா? வண்டி ஓடலைன்னா போகவேண்டியதில்லை. போகலைன்னா பத்து நாளோ பதினஞ்சு நாளோ, வீட்லயே, சத்தமில்லாம முடிஞ்சிடும். நீ தப்பிச்சுக்குவ." அவளுக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வந்தது கோபம், அப்படி ஒரு கோபம், உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி. "யாரைக் கேட்டு முடிவு பண்ணினீங்க? எனக்குப் பயம்தான். வளைவைப் பாத்தா பயம், லாரியைப் பாத்தா பயம், பனி எறங்கினா பயம், ராத்திரி உங்க கையைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேனே, அது எல்லாத்தையும் விடப் பயம். இருந்துட்டுப் போகட்டும். பக்கத்து சீட்ல நீங்க இருக்கீங்கள்ல? நீங்க இல்லாத வீட்ல எனக்கு வர்ற பயத்தை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?" சொல்லி முடித்த பிறகுதான் கத்திச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. மேட்டு ரோட்டில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து அந்தப் பிரிக்காத டப்பாவை எடுத்தார், மூடியைத் திருக அவருக்குப் பலம் போதவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். அவள் வாங்கித் திறந்திருக்கலாம், வாங்கவில்லை. அவர் ஊற்றட்டும். பானெட்டைத் தூக்கிப் புனலைப் பிடித்துக்கொண்டாள், அவர் ஊற்றினார், கை ஆடியதில் கொஞ்சம் அவள் விரல்களிலும் வழிந்தது, சூடான இன்ஜின்மேல் ஒரு சொட்டு விழுந்து புகைந்தது. டப்பா காலியாகும்வரை இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. "ஓரமா நில்லுங்க," என்றாள். இந்தத் தடவை நகர்ந்து போய் வாசற்படியில் ஏறி நின்றார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கியர்களை வரிசையாக இறக்கி ஏற்றினாள். இன்னும் பிடிக்காமல் போகலாம். ஒரு தடவை காய்ந்து சுற்றியதிலேயே உள்ளே எரிந்திருக்கலாம். எல்லாரும் சொன்னதுதான் உண்மையாக இருக்கலாம், அவர் சொன்ன பொய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஆர். கை பிரேக்கை இறக்கினாள். பிரேக்கிலிருந்து வர மாட்டேன் என்றது கால். எடுத்தாள். ஒரு நொடி ஒன்றுமில்லை, அந்த ஒரு நொடியில் அவள் தன் வீட்டில் தனியாக விளக்கேற்றி, தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுத்தாள். பிறகு முதுகுக்குப் பின்னால் யாரோ பிடித்து இழுத்த மாதிரி வண்டி பின்னால் போயிற்று. மிதித்தாள். ஏறியது. மண்ணைச் சிதறிக்கொண்டு, கத்தாமல், ரோடு வரைக்கும் ஏறியது.

ரோட்டில் நிறுத்திப் பார்த்தபோது அவர் கீழே வாசற்படியில் காலி டப்பாவோடு நின்றார், சால்வைக்குள் ரொம்பச் சின்னவராக. வண்டியில் அவள் மட்டும் இருக்கிறாள். இந்த வண்டியில் அவள் மட்டும் இருந்ததே கிடையாது, பக்கத்து சீட் காலியாக இருந்தது, அதைப் பார்க்கவே அவளுக்கு முடியவில்லை, கண்ணை ரோட்டின்மேல் வைத்துக்கொண்டாள். கூப்பிடலாம் என்று நினைத்தாள். கூப்பிட்டு வரவில்லை என்றால்? கூப்பிடவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது, அவர் டப்பாவைச் சுவரோரம் வைத்துவிட்டு மேட்டில் ஏறிவர ஆரம்பித்தார். பாதி வழியில் இடுப்பில் கையை ஊன்றி நின்றார், திரும்பிப் போய்விடுவாரோ? இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது. அவர் ஏறி வந்தவர், அவளுக்கு ஏன் இரைக்கவேண்டுமோ. "மாதா கோயில் மைதானத்துக்கு விடு," என்றார் சூசைராஜ். "அங்க நிறுத்திப் பாத்தாத்தான் சரியான அளவு தெரியும். கொறஞ்சா பெள்ளி கடையில இன்னொரு டப்பா வாங்கிக்கலாம். காலைல சீக்கிரம் கெளம்பணும்ல?" கிளம்பணும் என்றாள். கியரை டி-க்கு இழுத்தாள்.